மழைக்கஞ்சி எடுத்த ஞாயிற்றுக்கிழமை

சுனாமி வந்ததற்கு முந்தின வருசம் அது, ஐயா. அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து கூட்டம் கூட்டமாக வேலையை இழந்து, பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்ட வருசம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கொஞ்ச நாள் சவரம்கூடச் செய்யாமல் திரிந்தாரே, அந்த வருசம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனவர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கிடைத்த தண்ணீரில் மொட்டைத் தலையை நனைத்துக்கொண்டு திரும்பினார்கள். அச்சங்குளத்துப் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனிகளுக்கு மட்டும் அது கொண்டாட்டமான வருசம். வெயில் அப்படி அடித்தது. காலையில் மேடையில் காயப்போட்ட சரக்கை மத்தியானமே அள்ளிவிடுவோம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சிதான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நீ சிரிப்பாய் என்று சொல்லி, என் பேச்சுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிடுகிறாள். ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த வருசம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போன இடத்திலும் நீ பழைய வேலையைத் தொடங்கியிருக்கிறாய். பிள்ளைகளிடம் வீட்டில் இருக்கிற வலை இழுக்கும் பாட்டைக் கேட்டு வரச் சொல்லி, காற்றுகளின் பேரைக் கேட்டு வரச் சொல்லி, எந்தக் காற்றில் எந்த மீன் குஞ்சு பொரிக்கும், அப்போது ஏன் வலை போடக்கூடாது என்று அதையே பாடமாக நடத்தியிருக்கிறாய். நாட்டுப்படகு வைத்திருக்கிறவர்கள் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். விசைப்படகு வைத்திருக்கிற தெருவில், "கடலச் சுரண்டுறான்னு எங்களத் திட்டுற பாட்ட எங்க பிள்ளைக்கே சொல்லித் தாரீகளா?" என்று கேட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். பெரிய வாத்தியாரும் உனக்கு எதற்கு இந்த வம்பு என்கிறார். நீயும், "விட்டுறலாம்னு இருக்கேம்ப்பா, புஸ்தகத்துல உள்ளத நடத்துனாப் போதும்" என்றாய். போனில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு விசயத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் சொல்ல வரும். அதனால்தான் கடிதம்.

அந்த வருசம் நீ வாத்தியார் படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலை கிடைக்கும்வரை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பெற்றோர் கழகத்து வாத்தியாராக இருந்தாய். மேலத்தெருவில் கரிசல் நிலம் வைத்திருக்கிறவர்கள் விதைப்புக்கு மழை இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கீழத்தெரு, ஒரு காலத்தில் அந்த நிலங்களில் கூலிக்கு நின்ற தெரு, அதற்குள் முழுக்க முழுக்கப் பட்டாசுக்கு மாறியிருந்தது. ஆம்பளைகள் கம்பெனிக்குப் போனார்கள். பொம்பளைகள் வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டினார்கள். பசை காய்வதற்குத் தெரு நீளத்துக்குக் குழாய் பரப்பிக் கிடக்கும். மேலத்தெரு மழை வேண்டும் என்று கும்பிடும்போது நாங்கள் தீபாவளி முடிகிறவரை மழை வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரே மாரியம்மன்தான். அவள் யார் பேச்சைக் கேட்பாள்?

அந்த நேரத்தில் நீ பள்ளிக்கூடத்தில் மழைக்கஞ்சியைப் பாடமாக எடுத்தாய். மழை தவறினால் வீடு வீடாகப் பானையோடு போய்க் கஞ்சி வாங்குவது, எல்லா வீட்டுக் கஞ்சியையும் ஒன்றாகக் கலப்பது, மழையைக் கூப்பிட்டுப் பாடுவது, கண்மாய்க்கரையில் உட்கார்ந்து எல்லோரும் அதையே குடிப்பது. நீ பிறப்பதற்கு முன்பே ஊர் அதை விட்டுவிட்டது. நீ பிள்ளைகளிடம், "வீட்டுல கேட்டு ஆளுக்கு ஒரு அடி பாட்டு கொண்டு வாங்க" என்றாய். வந்ததே பார்க்கணும்! பாதிப் பேர் சினிமாப் பாட்டு. ஒருத்தன் தாலாட்டு. ஒருத்தன் ஓட்டுக் கேட்க வந்த வண்டியில் ஒலித்ததை அப்படியே ஒப்பித்தான். நான்கு வீடுகளில்தான் உண்மையான அடி இருந்தது. பேச்சியம்மாள் வீட்டிலிருந்து நரிப்பாறை வந்தது. மேலத்தெருச் சீத்தம்மாள் வீட்டிலிருந்து நாணலோடை. குருவம்மாள் வீட்டிலிருந்து ஆவாரங்காடு. உன் அம்மா கொடுத்தது கண்மாய் அடிமடை.

நரிப்பாறை மேல பெய்யி மழையே
நாணலோடை பொங்கப் பெய்யி
ஆவாரங்காடு நனையப் பெய்யி எங்க
அடிமடைக்கு வந்து சேரு

உன் அம்மாவும் சீத்தம்மாளும் தண்ணிக் குழாயடியில் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். ஓடை முதலில் வருமா, காடு முதலில் வருமா என்று. "நீங்க வரப்புல நின்னு பாத்தவுக. நான் வரப்புக்குக் கீழ நின்னவ. தண்ணி எங்குட்டு வரும்னு என் காலுக்குத் தெரியும்" என்றாள் உன் அம்மா. சீத்தம்மாள் விடவில்லை. "ஓங் காலுக்கு என்னத்தா தெரியும், களை எடுக்கையில பாதிப் பொழுது உறங்குனவ நீ" என்றாள். நீ தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நரிப்பாறையிலிருந்து பாட்டு போகிற வழியே நடந்தாய். அப்போதுதான் தெரிந்தது, அது வெறும் பாட்டு இல்லை, மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேருகிற வழி என்று. சீத்தம்மாள் சொன்ன வரிசைதான் சரி. உன் அம்மா ரெண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை.

நாணலோடையில் நாணல் இல்லை. கம்பெனிகளில் ஒதுக்கிய அட்டையும் காகித நறுக்கும் சாக்கும் ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன. பிள்ளைகளில் ஒன்று கேட்டதாக நீ வந்து சொன்னாய்: "சார், இந்த வழியா வான்னு பாடுனா மழ எப்படி சார் வரும்?" அந்தக் கேள்விதான் ஊரைக் கிளப்பியது. கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னாய். "சீசன் முடியட்டும் வாத்தியாரே, லோடு ஏத்தவே இங்கன ஆளக் காணோம்" என்றார். பிறகு மேலத்தெரு ஆம்பளைகள் மண்வெட்டியோடு வந்தார்கள். நாங்களும் போனோம். எந்தச் சாக்கைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எங்களுக்குத்தான் தெரியும் என்பதால் வெடிமருந்து ஒட்டிய சாக்குகளை நாங்கள் தனியாக எடுத்துவைத்தோம். பிள்ளைகளைக் கரையைவிட்டு இறங்கவிடவில்லை. ஓடை திறந்தது. தண்ணீர்தான் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாள், நீ பிள்ளைகளோடு பானையை எடுத்தாய். இதுவரை நான் சொன்னது எல்லாம் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வதில் ஒரு பாதி உனக்குத் தெரியாது. நீ தெருவில் நின்றாய். நான் உள்ளே இருந்தேன்.

காலையிலேயே மேலத்தெருவை முடித்துவிட்டுக் கீழத்தெருவுக்கு வந்தீர்கள். எல்லா வீட்டிலும் ஊற்றினார்கள். "தீவாளி முடியிற வரைக்கும் வேண்டாம்னு சொல்லிப் பாடுங்கப்பா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். செல்லக்கனி வீட்டில்தான் நின்றது. நாற்பதைத் தாண்டியவள், புருசன் இல்லாதவள், குழாய் உருட்டுவதில் தெருவிலேயே வேகமான கை. வாசலில் குழாயைப் பரப்பிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மழையக் கூப்புடவா வந்திருக்கீக? வந்துட்டா என் குழாய்க்கு யாரு பதில் சொல்றது? உங்க சாரா?"

"அக்கா, ஒரு கரண்டி..." என்றாய் நீ.

"கரண்டியா? ஒரு பருக்கை கிடையாது. போயிட்டு வாங்க, வெயில மறைக்காதீக."

கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பானையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டன. ஒரு வீடு விட்டுப்போனாலும் அது மழைக்கஞ்சி ஆகாது என்று நீதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தாய். உன் அம்மா, "விட்டுத்தள்ளுலே, நம்ம வீட்டுக் கஞ்சிய ரெண்டு கரண்டியா ஊத்திறேன்" என்றதற்குப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், "அது கள்ளாட்டம்!" என்று கத்தின. உன் முகம் சுருங்கிப்போனது. நேற்று போனில் கேட்ட குரலுக்கு அந்த முகத்தைத்தான் நான் பொருத்திப் பார்த்தேன்.

நான் பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்குள் போனேன். குழாயைத்தான் பெரிதாக நினைக்கிறாள் என்று நினைத்து, "ஏத்தா, பிள்ளைக போறவரைக்கும் நானே குழாய அள்ளி உள்ள வைக்கேன், போனதும் பரப்பித் தாரேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இருந்தது.

"குழாய்க்காகவாண்ணே நான் கதவச் சாத்துனேன்? ஒங்களுக்குமா மறந்துபோச்சு?"

எனக்கு மறக்கவில்லை, ஐயா. யாரும் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஊருக்கு இரண்டு பானை. மேலத்தெருவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. பாட்டு ஒன்றுதான். நீ வீடு வீடாக அடி கேட்டபோது இரண்டு தெருவிலிருந்தும் ஒரே பாட்டு வந்ததை நினைத்துப் பார். செல்லக்கனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பஞ்சத்தில், ஊர் முழுக்க ஒரே பானையாக எடுத்தால்தான் மழை இறங்கும் என்று யாரோ சாமியாடி சொல்லிவிட்டார். மேலத்தெருப் பானை நம் தெருவுக்கு வருகிறது என்று சேதி வந்தது. செல்லக்கனியின் அம்மா வாசல் தெளித்து, கஞ்சி காய்ச்சி, செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையிலேயே போய் நின்றாள். பானை முனைவரை வந்தது. அங்கே ஏதோ பேச்சு நடந்தது. பானை திரும்பிவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். அந்த அம்மாள் செம்பைக் கீழே இறக்காமல் ரொம்ப நேரம் நின்றாள்.

"எங்காத்தா அந்தக் கஞ்சிய ஆட்டுக்கு ஊத்திட்டு வந்து படுத்துச்சு. இன்னைக்கு ஒங்க மகன் சாரு பானையத் தூக்கிட்டு வந்து, நம்ம முன்னோர் அப்படி ஒத்துமையா இருந்தாகன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காராம். எந்த முன்னோருண்ணே?"

அடுப்பில் ஏதோ மூடி வைத்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள்: "ஊத்துறேன். ஆனா பானையில இல்ல. அந்தத் தெருப் பிள்ளை என் வாசப்படி ஏறி வந்து, எங்கையால வாங்கி, என் கண்ணு முன்னால குடிக்கணும். குடிச்சா மிச்சத்தப் பானையில ஊத்துறேன். ஒங்க மகங்கிட்டச் சொல்லுங்க."

நான் வெளியே வந்து உன்னிடம், "மேலத்தெருப் பிள்ளை யாராச்சும் வாசலுக்கு வரணுமாம்" என்று மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த மாதமே உனக்கு வேலை உத்தரவு வந்தது. நீ போய்விட்டாய்.

பானை சுமந்து வந்தது ரெங்கசாமி மகள் சுமதி. மேலத்தெருவில் பெரிய கரிசல்காட்டுக்காரர் ரெங்கசாமி. அவரும் மொபெட்டை நிறுத்திக்கொண்டு தெருவில் நின்றார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு, "போத்தா, சட்டுன்னு வாங்கிட்டு வா, நேரமாகுதுல்ல" என்றார். மழைக்காகச் சொன்னாரோ மனசாரச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. சொன்னார்.

சுமதி குழாய்களுக்கு இடையில் காலை எட்ட எட்ட வைத்து வாசப்படி ஏறினாள். செல்லக்கனி செம்பை நீட்டினாள். பிள்ளை வாங்கி மடக் மடக்கென்று குடித்தது. காலையிலிருந்து வெயிலில் அலைந்த பிள்ளை. பாதிச் செம்பு குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தது.

"அத்தே, உப்பே இல்ல."

"மழைக்கஞ்சிக்கு உப்பு போடக்கூடாதுடீ. உங்க சார் அதச் சொல்லித் தரலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்துவதற்கு முன்பே, விடியற்காலையிலேயே, அவள் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டாள். பானை வருமா என்று உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெருவில் நின்ற பொம்பளைகளுக்கும் அது புரிந்துவிட்டது. உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மேலத்தெருப் பிள்ளை நம் தெருப் பொம்பளையை அத்தே என்று முறை வைத்துக் கூப்பிட்டதை நான் என் ஆயுசில் முதல்முறையாகக் கேட்டேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் கூப்பிட்டது. அதற்கு வேறொன்றும் தெரியாது.

மிச்சத்தைப் பானையில் ஊற்றிவிட்டுச் செல்லக்கனி உன்னிடம் கேட்டாளே: "எல்லாரும் ஆளுக்கு ஒரு அடி குடுத்தாகளாம்ல? எங்க வீட்டு அடி வேண்டாமா?" நீ நோட்டைத் தேடினாய். "எழுத வேண்டாம் சாரு, பிள்ளைக காதுல வாங்கிக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே பாடினாள்.

குழாய் காயட்டும் மழையே
கொஞ்சம் பொறுத்து வா நீ
தீவாளி போகட்டும் மழையே
தெருவடைச்சுப் பெய்யி நீ

தெரு முழுக்கச் சிரிப்பு. ரெங்கசாமிகூடச் சிரித்தார். "ஏய், விதைப்பு என்னாகிறது?" என்றார். "பத்துநா பொறுங்க மொதலாளி, மொளைக்கிறது எங்க போகப்போகுது?" என்றாள் செல்லக்கனி. பிள்ளைகள் கண்மாய்க்கரைவரை அந்த அடியைத்தான் பாடிக்கொண்டு போயின. பழைய நான்கு அடியைவிட அதற்குத்தான் தாளம் நன்றாக விழுந்தது. கரையில் எல்லோரும் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்தோம். கேப்பையும் அரிசியும் கம்பும் ஒன்றாகக் கலந்து, உப்பும் இல்லாமல், அதைப்போல ஒரு மோசமான கஞ்சியை நான் குடித்ததில்லை. இன்றைக்குக் கொடுத்தாலும் குடிப்பேன்.

மழை அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தீபாவளி கழிந்து, ரெங்கசாமி ஒரு காட்டைத் தரிசாகப் போடுவது என்று முடிவு செய்தபிறகு ஒரு மத்தியானத்தில் வந்தது. நாங்கள் கஞ்சி எடுத்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற மழை தன்பாட்டுக்கு வரும். ஆனால் அந்தத் தண்ணீர் நரிப்பாறையில் இறங்கி, நாணலோடையில் திரும்பி, ஆவாரங்காட்டைச் சுற்றிக்கொண்டு, கண்மாய்க்குள் வந்தது. பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே ஓடையோரம் கூட ஓடின. தண்ணீர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாட்டின் அடியைச் சொல்லிக் கத்தின. "சீத்தம்மா அடிக்கு வந்திருச்சு! குருவம்மா அடிக்கு வந்திருச்சு!" கரையில் நின்ற உன் அம்மா, "எங்கிட்ட எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டன. கம்பெனிக்குப் போகிற ஒருத்தன் போன மாசம் லாரிக்காரனை மறித்து, "நாணலோடையில கொட்டாத, அது தண்ணி வர்ற பாதை" என்று சண்டை போட்டான். ஓடைக்கு அந்தப் பேர் உண்டு என்பதே நீ பாடம் எடுக்காவிட்டால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

அதனால் நீ விடக்கூடாது, ஐயா. ஆனால் நீ நடத்துகிற மாதிரியும் நடத்தக்கூடாது. பழையதெல்லாம் நல்லது என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நிற்காதே. பழைய பாட்டுக்குள் தண்ணீர் வருகிற வழியும் இருந்தது, பானை திரும்பிப்போன தெருமுனையும் இருந்தது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் மற்றதை அறிந்த வீடு கதவைச் சாத்தும். விசைப்படகுத் தெருவுக்கு நீ தனியாகப் போ. பெரிய வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போகாதே, வேலை செய்கிறவனோடு உட்கார்ந்து வலை பிரித்துக்கொடுத்துக்கொண்டே பேசு. கடலைச் சுரண்டுகிறாய் என்று அவனிடம் நீ சொல்ல வேண்டாம், அது அவனுக்கே தெரியும். நான் வெயிலுக்குக் கும்பிட்டது எனக்குத் தெரியாதா? அவன் பிழைப்புக்கு என்ன பாட்டு என்று கேள். இல்லை என்பான். இல்லாவிட்டால் ஒன்று சொல்லு, பிள்ளைகள் பாடட்டும் என்று கேள். அவன் வீட்டு அடியும் சேர்ந்தால்தான் அது ஊர்ப்பாட்டு. அவன் கோபமாக ஒரு அடி சொன்னாலும் வாங்கிக்கொள். ஏன் வரமாட்டேன் என்கிறான் என்பதை மட்டும் யாரோ ஒருத்தர் வழியாகக் கேட்காதே. நான் உனக்கு அரைகுறையாகச் சொன்னதுபோல உன்னிடமும் யாராவது அரைகுறையாகத்தான் சொல்லுவார்கள். நீயே உள்ளே போய்க் கேள்.

சீக்கிரம் போ. கேட்டுக்கொள்ளலாம் என்று நாம் நினைத்திருக்கும்போதே ஆட்கள் போய்விடுகிறார்கள். நரிப்பாறை அடியைக் கொடுத்த பேச்சியம்மாள் நீ வேலைக்குப் போன மறுவருசமே போய்விட்டாள். சீத்தம்மாளை மகன் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான், அங்கேயே முடிந்தது. குருவம்மாள் கம்பெனியில் நடந்த விபத்தில் போனது உனக்குத் தெரியும். அவள் ஆவாரங்காட்டைத் தாண்டித்தான் வேலைக்கு நடந்துபோனாள். அடிமடையைக் கொடுத்தவளுக்கு நீ வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்குப் பாட்டுக்கு அடி கொடுத்த பொம்பளைகளில் இப்போது உயிரோடு இருப்பது செல்லக்கனி ஒருத்திதான்.